தாத்தாவின் பாயிண்ட் 22 ரைபிளுக்கு எந்த ஸ்கோப்?

நாகலூர்_பேரன் (ஞாயிறு, இரவு 9.12)

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம் இருக்கிறது. தாத்தா வைத்திருந்த பாயிண்ட் 22 ரிம்ஃபயர் (தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்கும் சின்ன ரகம்), செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த ப்ர்னோ மாடல் 2, போன வருடம்தான் எல்லா அலுவலகப் படியும் ஏறி இறங்கி என் பெயருக்கு உரிமம் மாறி வந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்தால் இன்னும் புதுசு போலத்தான் இருக்கிறது. குழலுக்குள் துரு இல்லை.

சிக்கல் துப்பாக்கியில் இல்லை, என் கண்ணில். வயது 47. வெள்ளெழுத்து வந்துவிட்டது. முன்குறி தெளிவாகத் தெரிந்தால் பின்குறி கலங்குகிறது, பின்குறியைப் பிடித்தால் சுட வேண்டிய அட்டை கலங்குகிறது. ரைபிள் கிளப்பில் 50 மீட்டரில் ஐந்து தோட்டா சுட்டால் குரூப், அதாவது ஓட்டைகள் விழும் பரப்பு, தட்டுவடை அளவுக்கு விரிகிறது.

சேலத்துக்கு இறங்கியபோது ஒரு கடையில் ஸ்கோப், அதாவது துப்பாக்கிமேல் மாட்டும் தொலைநோக்கிக் குறி, கேட்டேன். 6-24x50 ஒன்றை (6 முதல் 24 மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸ் 50 மி.மீ.) எடுத்துக் கொடுத்து, "பெரிசா தெரியும் சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். கண்ணை வைத்தேன். எதிர்க் கட்டடச் சுவரில் இருந்த பல்லி தெரிந்தது. அப்புறம் விலைச்சீட்டும் தெரிந்தது. வாங்காமல் வந்துவிட்டேன்.

வெளிநாட்டு வீடியோக்களில் ரிம்ஃபயர் சிறுவேட்டைக்கு 2-7x32 என்கிறார்கள், 3-9x40 என்கிறார்கள். எனக்கு அட்டைதான் முக்கியம். தோட்டத்தில் எப்போதாவது முயல் வரும், அதற்கும் சேர்த்துப் பயன்பட்டால் நல்லது. எதை வாங்கலாம்?

பீப்சைட்_வாத்தியார் (ஞாயிறு, இரவு 10.05)

தம்பி, உங்கள் கடைசி வரிக்கு முந்தைய வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். முயலை மறந்துவிடுங்கள்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 9. நம் மலையில் உள்ள காட்டு முயல், கௌதாரி, காட்டுக்கோழி எதையும் சுடக்கூடாது. தோட்டம் உங்கள் பட்டா நிலமாக இருந்தாலும் அதே கதைதான், விலங்கு உங்கள் பட்டாவில் வராது. "வேட்டை" என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள்: கொல்வது மட்டும் இல்லை, காயப்படுத்துவது, கண்ணி வைப்பது, துரத்துவது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். முயலைச் சுட முயல்வதும் குற்றம். குறி தப்பிவிட்டது என்று சொல்லித் தப்ப முடியாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். அதற்கு முன் 25,000 தான். அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. துப்பாக்கியும் போய்விடும். அவ்வளவு அலைந்து வாங்கிய உரிமமும் போய்விடும்.

தாத்தா காலத்துக் கதைகளை எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். அது அந்தக் காலம்.

சரி, ஸ்கோப்புக்கு வருகிறேன். போட்டிக்குப் போகும் எண்ணம் துளி இருந்தாலும் ஸ்கோப் வாங்காதீர்கள். 10 மீட்டர் ஏர் ரைபிளிலும் சரி, 50 மீட்டர் ரைபிளிலும் சரி, சர்வதேச விதிப்படி தொலைநோக்கிக் குறிக்கு இடமில்லை, பீப் சைட்தான். வெள்ளெழுத்துக்கு அதுவே மருந்தும் ஆகும். சின்னத் துளை வழியாகப் பார்த்தால் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒருசேரத் தெளியும். நம்பிக்கை இல்லையென்றால் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டில் ஊசியால் துளை போட்டு, உங்கள் கண்ணாடியில் கண்ணுக்கு நேராக ஒட்டிக்கொண்டு பழைய குறியிலேயே சுட்டுப் பாருங்கள். செலவு இரண்டு ரூபாய்.

நாகலூர்_பேரன் (ஞாயிறு, இரவு 10.31)

வாத்தியாரே, முயல் விஷயம் புரிந்தது, விட்டுவிட்டேன். தெரியாமல் எழுதியது இல்லை, யோசிக்காமல் எழுதியது. டேப்பை நாளைக்கே ஒட்டிப் பார்க்கிறேன். ஆனால் போட்டி எண்ணம் இல்லை. மாதம் இரண்டு ஞாயிறு இறங்கி வந்து ஐம்பது தோட்டா சுட்டுவிட்டு, செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்கிக்கொண்டு ஏறிவிடும் ஆள் நான்.

ஐந்துரோடு_சிங்கம் (ஞாயிறு, இரவு 10.40)

6-24 எடுங்க ப்ரோ. பின்னாடி வருத்தப்பட மாட்டீங்க.

குகை_கண்ணாடி (திங்கள், காலை 7.20)

வருத்தப்படுவார். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தொழில் கேமரா லென்ஸ் பழுது பார்ப்பது. பைனாகுலரும் ஸ்கோப்பும் அவ்வப்போது மேசைக்கு வரும்.

பெரிதாக்கும் எண்ணைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். பாயிண்ட் 22க்கு முதலில் பார்க்க வேண்டியது பேரலாக்ஸ். டவுன் பஸ்ஸில் டிரைவருக்கு இடப்பக்கம் இருக்கும் ஒற்றை சீட்டில் உட்கார்ந்து ஸ்பீடோமீட்டரைப் பார்த்திருக்கிறீர்களா? டிரைவருக்கு 50 காட்டும் முள் உங்களுக்கு வேறு எண்ணைக் காட்டும். முள் ஒரு தளத்தில், எண் எழுதிய தட்டு அதற்குப் பின்னால் வேறு தளத்தில். ஸ்கோப்பிலும் அதேதான். சிலுவைக் கோடு ஒரு தளம், அட்டையின் பிம்பம் ஒரு தளம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிவது ஒரே ஒரு தூரத்தில்தான். மற்ற தூரங்களில் கண் நடுவிலிருந்து கொஞ்சம் நகர்ந்தால் கோடும் அட்டைமேல் நகரும்.

பெரிய ரைபிளுக்கான சாதாரண ஸ்கோப்பில் இந்தத் தூரத்தை ஆலையிலேயே 100 கெஜத்துக்கு வைத்து மூடிவிடுவார்கள். ரிம்ஃபயர் என்று போட்டு வருவதில் பெரும்பாலும் 50 கெஜம். 100 கெஜத்துக்கு வைத்த 40 மி.மீ. லென்ஸை 50 கெஜத்தில் பயன்படுத்தினால், கண் ஓரத்துக்குப் போகும்போது பிழை எவ்வளவு வரும்? கணக்கு எளிது. லென்ஸ் விட்டத்தில் பாதி, அதை இரண்டு தூரங்களின் வித்தியாசத்தால் பெருக்கி, ஆலையில் வைத்த தூரத்தால் வகுக்க வேண்டும். 20 பெருக்கல் 50, வகுத்தல் 100. 10 மில்லிமீட்டர். 50 மீட்டர் ரைபிள் அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ. தான். துப்பாக்கி அசையவில்லை, தோட்டா நல்ல தோட்டா, நீங்கள் தலையை வைத்த இடம் மட்டும் தப்பு, பத்து போய்விட்டது. அதே இடத்தில் 50 கெஜத்துக்கு வைத்த 32 மி.மீ. ரிம்ஃபயர் ஸ்கோப் இருந்தால், 50 மீட்டர் அட்டையில் அதிகபட்சப் பிழை ஒன்றரை மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும்.

கடையில் நின்றபடியே சோதிக்கலாம். ஸ்கோப்பை மேசையில் ஏதாவது பையின் மேல் அசையாமல் வைத்து, தெருவுக்கு அந்தப் பக்கம் 50 மீட்டர் போல இருக்கும் ஒரு போர்டு எழுத்தில் கோட்டை நிறுத்துங்கள். கையால் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கோடு எழுத்தை விட்டு ஊர்ந்தால் அது உங்களுக்கான ஸ்கோப் இல்லை. முன்பக்க வளையத்தைத் திருப்பித் தூரம் மாற்றும் வகை கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அந்த வளையத்தில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள், தலையை ஆட்டித்தான் நம்ப வேண்டும்.

இப்போது 6-24x50. லென்ஸை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு. 50ஐ 24ஆல் வகுத்தால் 2 மி.மீ. சொச்சம். அந்த 2 மில்லிமீட்டருக்குள் கண் போய் உட்கார வேண்டும், கொஞ்சம் விலகினால் கறுப்புப் பிறை. 3-9x40ஐ 9இல் வைத்தாலும் 4.4 கிடைக்கும். 4x32இல் 8. அது மட்டும் இல்லை, சித்திரை வெயிலில் சேலம் ரேஞ்சில் 24இல் வைத்துப் பாருங்கள், தரையிலிருந்து ஏறும் கானலில் அட்டை தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும். உங்கள் நாடித்துடிப்பையும் சேர்த்துக் காட்டும். 50 மீட்டருக்கு 7 போதும், 9 தாராளம். தோட்டா போட்ட ஓட்டை 5.6 மி.மீ. தான். வெள்ளையில் விழுந்தால் 9இல் தெரியும், கறுப்பில் விழுந்தால் தேட வேண்டியிருக்கும். அதற்குக் கிளப்பில் ஸ்பாட்டிங் ஸ்கோப் இருக்கிறதே.

கொண்டலாம்பட்டி_ஸ்பிரிங் (திங்கள், காலை 9.48)

கண்ணாடி அண்ணா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். நான் ஸ்பிரிங் ஏர்கன் ஆள். 0.177 அளவு, 20 ஜூலுக்குள் என்பதால் உரிமம் தேவையில்லாத வகை. ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒரு 3-9x40 வாங்கிப் போட்டேன். முதல் நாள் அருமை. மூன்றாவது டப்பா பெல்லட் முடிவதற்குள் சிலுவை, பெருக்கல் குறி மாதிரி சாய்ந்துவிட்டது. உள்ளே ஏதோ கடகட என்று உருளும் சத்தம். விற்றவருக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன், "ஸ்கோப்பைக் குலுக்கியிருக்கிறீர்கள்" என்று பதில். ஆமாம், துப்பாக்கியில் மாட்டித்தான் குலுக்கினேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஸ்பிரிங் கன்னில் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும், பிஸ்டன் முனையில் போய் நின்றதும் துப்பாக்கி முன்னே இழுபடும். இரண்டு பக்க உதறல். தோட்டாத் துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப் பின்னோக்கி வரும் உதையைத் தாங்குமே தவிர, முன்னோக்கி வரும் இழுப்புக்குத் தயாராக இருக்காது. ஏர்கன்னுக்கு என்று சொல்லி விற்பதைத்தான் வாங்க வேண்டும், பின்னால் ஒரு தடுப்புக் கட்டையும் போட வேண்டும், இல்லையென்றால் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்டே நழுவிப் பின்னால் வரும். இங்கே கேட்பவருடையது பாயிண்ட் 22. அதற்கு உதை என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை, அதனால் உறுதிக்காக அதிகம் கொட்ட வேண்டாம், கண்ணாடிக்குக் கொட்டுங்கள்.

அப்புறம், உரிமம் வேண்டாத ஏர்கன் என்பதால் புறா சுடலாம், மைனா சுடலாம் என்று நினைக்கும் பையன்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வாத்தியார் சொன்ன சட்டம் ஏர்கன்னுக்கும் உண்டிவில்லுக்கும் ஒன்றுதான்.

ஐந்துரோடு_சிங்கம் (திங்கள், காலை 10.02)

காக்கா?

பீப்சைட்_வாத்தியார் (திங்கள், காலை 11.15)

தொல்லை உயிரினம் என்று பாதுகாப்பு இல்லாமல் காக்கையும் எலியும் பழந்தின்னி வௌவாலும் இருந்த ஐந்தாம் பட்டியலையே 2022 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். காகிதத்தைச் சுடுங்கள், சிங்கம். அதற்குப் பட்டியல் கிடையாது.

மெல்போர்ன்_சேலத்தான் (திங்கள், மதியம் 1.30)

சொந்த ஊர் அஸ்தம்பட்டி, இப்போது விக்டோரியா மாநிலத்தில். அந்த வீடியோக்களில் ஏன் 2-7x32 என்கிறார்கள் என்று சொல்கிறேன், இங்கே முயல் சுடுவது எப்படி என்று பார்த்தால்தான் அது புரியும்.

இங்கே முயல் காட்டு விலங்கு இல்லை, வந்தேறி. 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் விக்டோரியாவில் தன் பண்ணையில் வேட்டைக்காக இங்கிலாந்து முயல்களைக் கொண்டுவந்து விட்டார். அது நாட்டையே மேய்ந்துவிட்டது. அதனால் நில உரிமையாளர் அனுமதித்தால் சுடலாம். ரிம்ஃபயர் போல்ட் துப்பாக்கிக்கு ஏ பிரிவு உரிமம், அதுவும் வகுப்பில் உட்கார்ந்து தேர்வு எழுதித்தான். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறார், அவரோடு சில மாலைகள் போயிருக்கிறேன்.

முயல் அந்தி சாயும் நேரத்தில் வளைக்கு வெளியே வரும். சில சமயம் 20 மீட்டரிலேயே எழும், சில சமயம் 70 மீட்டரில் உட்கார்ந்து காதை ஆட்டும். கிட்டத்தில் எழுந்ததைக் கண்டுபிடிக்கப் பார்வைப் பரப்பு அகலமாக வேண்டும், அதற்கு 2. தூரத்தில் இருப்பதற்குத் தலையில் மட்டும் வைக்க வேண்டும், அதற்கு 7. மங்கலான வெளிச்சத்தில் கோடு தெரிய வேண்டும், அதனால் ஓரம் தடித்து நடுவில் மெலியும் சாதாரண ரெடிகிள் (சிலுவைக் கோடு). தோளில் மாட்டி ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும், அதனால் 32 மி.மீ. சின்ன லென்ஸ். இவ்வளவுதான் அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் காரணம். பெரியவர் 80 மீட்டருக்கு மேல் விரலை வைக்கவே மாட்டார், பாவம் காயத்தோடு வளைக்குள் போய்விடும் என்பார்.

அண்ணனுக்கு முயலும் இல்லை, நடையும் இல்லை. ஒரே தூரம், ஒரே மேசை. அப்படிப் பார்த்தால் 2-7இல் அந்த 2 உங்களுக்கு வீண். ஆனால் அந்த வகை ஸ்கோப்புகளில்தான் 50 கெஜ பேரலாக்ஸ் சுலபமாகக் கிடைக்கிறது.

அம்மாபேட்டை_லேத் (திங்கள், இரவு 8.50)

எல்லோரும் ஸ்கோப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு சேர்க்கும் இரண்டு வளையத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. என்னிடம் "ஸ்கோப் கெட்டுவிட்டது" என்று வருவதில் முக்கால்வாசி மவுண்ட் கோளாறு.

ப்ர்னோவில் ரிசீவர் (குழலுக்குப் பின்னால் போல்ட் ஓடும் இரும்புப் பகுதி) மேலேயே டவ்டெயில், அதாவது மவுண்ட் கவ்விக்கொள்ளும் சாய்வான வெட்டு, இருக்கும். கடையில் "11 மி.மீ." என்று ஒன்று தருவார்கள். எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.5 மி.மீ., அதையும் 11 என்றே சொல்லி விற்கிறார்கள். இரண்டும் ஒன்று இல்லை. வெர்னியரை எடுத்து மேல் அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பிகாட்டினி மவுண்ட் என்றால் 20 மி.மீ. சொச்சம், அது உங்களுக்கு உட்காரவே உட்காராது.

அடுத்தது உயரம். தாழ்வாக இருப்பது நல்லது என்று படித்துவிட்டு எல்லாவற்றிலும் தாழ்ந்த ரிங்கை வாங்கிவிடாதீர்கள். இந்தத் துப்பாக்கியில் தோட்டா ஏற்றத் தூக்கி இழுக்கும் போல்ட் கைப்பிடி நன்றாக மேலே எழும், கண்பக்க முனையில் போய் இடிக்கும். குழல்மேல் இருக்கும் பின்குறி இலையும் உயரம், 50 மி.மீ. லென்ஸ் போட்டால் அதன்மேல் உட்காரும். துப்பாக்கியையே கொண்டுபோக முடியாது என்பதால் வீட்டில் ஸ்கோப் தடிமனுக்கு ஒரு பிவிசி பைப் துண்டை வைத்து போல்ட்டைத் தூக்கிப் பாருங்கள், எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மாட்டும்போது: சுவரில் ஒரு நூலில் தூக்குக்குண்டு தொங்கவிடுங்கள். துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நிறுத்துங்கள். ஸ்கோப்பின் நெடுங்கோடு நூலோடு ஒட்டும்வரை திருப்பி, நாலு ஸ்க்ரூவையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்பேனரில் முழுக்கை பலம் காட்ட வேண்டாம், அது லாரி வீல் இல்லை. அலுமினிய டியூப் நசுங்கினால் உள்ளே உருப்பெருக்கம் மாற்றும் வளையம் பிடித்துக்கொள்ளும். ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து இரண்டு விரலால் இறுக்கினால் போதும்.

இன்னொன்று. பழைய துப்பாக்கியின் கட்டை, இரும்புக் குறிக்காகச் சரித்துச் செதுக்கியது. ஸ்கோப் உயரத்துக்குக் கன்னம் எட்டாது, தாடையை அந்தரத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். குகை_கண்ணாடி சொன்ன தலை நகர்ச்சி அங்கேதான் பிறக்கிறது. பழைய வேட்டித் துணியை மடித்துக் கட்டையின்மேல் வைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றுங்கள். பார்க்க எலும்பு முறிந்த துப்பாக்கி மாதிரி இருக்கும். குரூப் சுருங்கும்.

நாகலூர்_பேரன் (செவ்வாய், காலை 6.40)

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், நன்றி எல்லோருக்கும். வாத்தியாரே, டேப் வேலை செய்கிறது! மூன்றும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் பனி மூடிய நாளில் ஊசித்துளை வழியாக ஒன்றுமே தெரியவில்லை, இருட்டு. அதனால் ஸ்கோப் என்றே முடிவு.

ஒரு சந்தேகம். நான் இருப்பது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், ரேஞ்ச் கீழே சேலத்தில். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் காற்று மாறும்போது குறி மாறுமா?

குகை_கண்ணாடி (செவ்வாய், காலை 8.15)

மாறும், ஆனால் உங்களுக்குத் தெரியாது. மேலே காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் தோட்டா கொஞ்சம் வேகம் தக்கவைக்கும். 50 மீட்டரில் அதனால் வரும் வித்தியாசம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதைவிட தோட்டா டப்பாவை ஜீப்பின் டாஷ்போர்டில் வெயிலில் வைத்துவிட்டுப் போனீர்களானால் அது அதிகமாக மாற்றும். காற்று வீசினால் இன்னும் மோசம். மணிக்கு 15 கிலோமீட்டர் குறுக்குக் காற்று, 50 மீட்டரில் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடவே தள்ளிவிடும். எந்த ஸ்கோப்பும் காற்றைக் காட்டாது. ரேஞ்ச் ஓரத்தில் ஒரு கிழிந்த துணியைக் கட்டிவிட்டு அதைப் பாருங்கள்.

உயரத்தைவிட ஏற்காட்டு ஈரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். லென்ஸில் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படரும், ஒருமுறை கோட்டிங்கைத் தின்றுவிட்டால் துடைத்தும் பயனில்லை. நைட்ரஜன் நிரப்பிய ஸ்கோப்பில் உள்ளே வராது, வெளிப்பக்கம் வரும். தோல் உறையில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், மணிகள் நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடுங்கள். காபிக் கொட்டை வறுக்கிற வாணலி வேண்டாம்.

பீப்சைட்_வாத்தியார் (செவ்வாய், மாலை 6.00)

ஜீரோ வைக்கும்போது, அதாவது குறி வைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி ஸ்கோப்பைத் திருத்தும்போது, நினைவில் கொள்ள வேண்டிய எண்கள் சில சொல்கிறேன். குழலுக்கு 4 செ.மீ. மேலே ஸ்கோப் இருக்கிறது, சாதாரண வேகத் தோட்டா, 50 மீட்டரில் ஜீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் கீழே அடிக்கும். 25 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மேலே. 75 மீட்டரில் 7, 8 செ.மீ. இறங்கிவிடும். 100இல் ஏறக்குறைய ஒரு சாண். இதனால்தான் பாயிண்ட் 22காரன் தூரத்தைப் பற்றிப் பெருமை பேசினால் நான் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன்.

கோட்டை நகர்த்தும் திருகான டரட்டில் கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்று இருந்தால் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7 மி.மீ. சொச்சம், 50இல் 3.6. நாலு சென்டிமீட்டர் தப்பினால் 11 கிளிக். எல்லோரும் செய்யும் தவறு, டப்பாவில் 100 கெஜம் என்று போட்டிருக்கும் கணக்கையே 50இல் திருப்பி, பாதி வழியில் நின்று ஸ்கோப்பைத் திட்டுவது. ஒரு தோட்டாவைப் பார்த்து டரட்டைத் திருப்பாதீர்கள். மூன்று போட்டு, மூன்றின் நடுவைப் பாருங்கள்.

தோட்டத்தில் சும்மா சுட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். பாயிண்ட் 22 சின்னது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒன்றரை மைல் போகும் என்று தோட்டா டப்பாவிலேயே எச்சரிக்கை அச்சடிப்பார்கள். உங்கள் சில்வர் ஓக் மரத்துக்குக் கீழே அடுத்த ஊர் இருக்கிறது.

நாகலூர்_பேரன் (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.25)

வாங்கிவிட்டேன். 2-7x32, ரிம்ஃபயர், 50 கெஜ பேரலாக்ஸ். கடையில் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்ததில் கடைக்காரர் "கழுத்து வலியா சார்?" என்று கேட்டார். முதலில் காட்டிய ஸ்கோப்பில் கோடு எதிர்க்கடை போர்டின் ஒரு எழுத்திலிருந்து பக்கத்து எழுத்துக்கே ஊர்ந்தது. இரண்டாவது அசையவில்லை. அதையே எடுத்தேன்.

டவ்டெயிலை வெர்னியரால் அளந்தேன், 11க்குப் பக்கம். நடுத்தர உயர ரிங். பிவிசி பைப் யோசனை பொன்னான யோசனை, தாழ்ந்த ரிங் என்றால் நிச்சயம் போல்ட் இடித்திருக்கும். தூக்குக்குண்டுக்குக் கொத்தனாரிடம் கடன் வாங்கினேன், "வீடு கட்டுறீங்களா?" என்றார்.

இன்று ரேஞ்ச். 25 மீட்டரில் ஆரம்பித்துப் பிறகு 50. முதல் மூன்றும் ஐந்து சென்டிமீட்டர் வலது, மூன்று கீழே. 14 கிளிக் இடது, 8 கிளிக் மேலே. அடுத்த மூன்று கறுப்புக்குள். பேண்டேஜ் சுற்றாமல் ஐந்து, சுற்றி ஐந்து என்று இரண்டு அட்டை சுட்டேன். சுற்றாத அட்டையில் நாலு விரல்கட்டை அகலம். சுற்றியதில் ஐந்தில் நாலு, 5 ரூபாய் நாணயத்துக்குள். ஐந்தாவது என் தப்பு, விரலைப் பிடுங்கிவிட்டேன்.

பழைய தட்டுவடை அட்டையையும் வைத்திருக்கிறேன்.

மெல்போர்ன்_சேலத்தான் (ஞாயிறு, இரவு 8.58)

நாலு தோட்டா நாணயத்துக்குள்ளா! அந்தத் துப்பாக்கிக்கு இன்னும் நல்ல காலம் இருக்கிறது. இரண்டு மூன்று வகைத் தோட்டா மாற்றிப் பாருங்கள் அண்ணா. ஒரே வேகம் போட்டிருந்தாலும் ஒவ்வொரு குழலுக்கும் ஒன்றுதான் பிடிக்கும். ஒலி வேகத்தைத் தாண்டாத சாதாரண வேகத் தோட்டாவிலிருந்து ஆரம்பியுங்கள்.

நாகலூர்_பேரன் (அடுத்த மாதம், புதன், காலை 11.10)

ஒரு புதுச் சிக்கல். தேர்தல் வருகிறது, உரிமதாரர்கள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று தகவல். ஸ்கோப்போடு கொடுப்பதா, கழற்றிவிட்டுக் கொடுப்பதா? போன தேர்தலில் தாத்தாவின் துப்பாக்கி மற்ற துப்பாக்கிகளோடு சேர்ந்து மூலையில் சாய்ந்து கிடந்தது, கட்டையில் ஒரு கீறலோடுதான் திரும்பி வந்தது.

அம்மாபேட்டை_லேத் (புதன், மதியம் 12.45)

கழற்றிவிடுங்கள். ஆனால் ஸ்கோப்பை ரிங்கிலிருந்து கழற்ற வேண்டாம். ரிங்கும் ஸ்கோப்பும் ஒன்றாகவே இருக்கட்டும், அடியில் டவ்டெயிலைப் பிடிக்கும் ஸ்க்ரூவை மட்டும் தளர்த்தி எடுங்கள். எடுக்கும் முன் ரிங்கின் ஓரத்திலிருந்து ரிசீவர்மேல் ஒரு மெல்லிய கோடு நெயில் பாலிஷில் போட்டுவிடுங்கள், முன் ரிங்கில் ஒன்று, பின் ரிங்கில் ஒன்று. ஸ்க்ரூ தலைக்கும் ஒரு புள்ளி. திரும்ப மாட்டும்போது முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டே, கோடும் கோடும் சேர்த்து, புள்ளி பழைய இடத்துக்கு வரும்வரை இறுக்குங்கள். டரட்டைத் தொடவே கூடாது. முதல் ஐந்து தோட்டாவுக்குள் சரியாகிவிடும்.

நாகலூர்_பேரன் (இரண்டரை மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30)

துப்பாக்கி திரும்பிவிட்டது, இந்தமுறை கீறல் இல்லை. கோட்டுக்குக் கோடு வைத்து மாட்டினேன். ரேஞ்சில் முதல் மூன்று தோட்டாவின் நடு, பழைய ஜீரோவிலிருந்து 7 மி.மீ. இடது. இரண்டு கிளிக் வலது. முடிந்தது.

ஒரே குறை, மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷைப் போட்டேன், கறுப்பு இரும்பில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அம்மாபேட்டை_லேத் (ஞாயிறு, மாலை 6.05)

வெள்ளை வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஸ்டேஷனரியில் ஒயிட்னர் பேனா, அதுவும் பிடிக்கும்.